மாடி இரயில் மாம்பலத்திற்கு ஏற்றதா?

பேருந்துக்கு மாடி உண்டு. மின்சார இரயிலுக்கும் மாடி அமைத்தால் நெரிசல் பாதியாகக் குறையாதா? அசோக் நகரிலிருந்து மாம்பலமோ கோடம்பாக்கமோ சென்று வண்டி ஏறும் நம் மனத்தில் இக்கேள்வி எழுவது இயல்பே. விடையைச் சற்று ஆராய்வோம்.

இருப்புப் பாதைக்கு மேலே மின்கம்பி செல்வதால், பெட்டியை விரும்பியபடி உயர்த்த இயலாது. ஆகவே முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே தளத்தைத் தாழ்த்தி, அவ்விடத்தில் இரண்டு அடுக்குகளை அமைக்கின்றனர். வாசல்கள் பெரும்பாலும் சக்கரங்களுக்கு மேலுள்ள நடுத்தளத்தில் இருக்கும். அங்கிருந்து சில படிகள் ஏறினால் மேலடுக்கு. சில படிகள் இறங்கினால் கீழடுக்கு. தளம் தாழ்வதால், வழக்கமாகப் பெட்டியின் அடியில் பொருத்தப்படும் மின்கருவிகளுக்கு வேறிடம் தேட வேண்டும்.

இதனால் இருக்கைகள் பெருகும் என்பது உண்மையே. 2013-ஆம் ஆண்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே மாடி இரயில் ஓடத் தொடங்கியது. குளிர்சாதன வசதியுள்ள சாதாரண இருக்கைப் பெட்டியில் 78 பேர் அமரலாம். மாடிப் பெட்டியிலோ 120 பேர். ஏறத்தாழ 360 கி.மீ. பயணத்தில் நிறுத்தங்கள் சிலவே. ஆதலால் படியேறி இறங்கும் தாமதம் பெரிதன்று.

நகர்ப்புற வண்டியின் நிலை வேறு. இங்கிலாந்தில் புல்லீட் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த மாடி மின்சார இரயில் 1949-இல் இலண்டன் புறநகர்ப் பாதையில் ஓடியது. இருக்கைகள் மிகுந்தன, ஆனால் நிலையந்தோறும் மக்கள் ஏறி இறங்க அதிக நேரம் பிடித்தது. ஆகவே அத்தகைய வண்டிகளை மேலும் கட்டாமல், சாதாரண வண்டிகளையே நீளமாக்கினர். மாடி இரயில் 1971-இல் ஓய்வு பெற்றது. மாடி இரயிலுக்குப் பெயர்பெற்ற சிட்னி நகரமும் 2019-இல் திறந்த புதிய மெட்ரோவுக்கு ஒற்றை அடுக்கு வண்டிகளையே தேர்ந்தெடுத்தது.

நம் கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931 முதல் மின்சார இரயில் ஓடுகிறது. இங்கும் 9 பெட்டி வண்டிகளை 12 பெட்டிகளாக நீட்டும் வழியே பின்பற்றப்பட்டது. மாம்பலத்தில் வண்டி நிற்பது சிறிது நேரமே. அதற்குள் குழந்தையைச் சுமந்த தாயும், காய்கறிக் கூடையுடன் வரும் மூதாட்டியும், புத்தகப் பையுடன் நாமும் ஏற வேண்டும். குறுகிய மாடிப்படியில் ஒருவர் தயங்கினால் பின்னால் வருவோர் அனைவரும் நிற்க நேரிடும். ஒரு வண்டி தாமதித்தால் பின்வரும் வண்டிகளும் தாமதிக்கும். நடைமேடையில் கூட்டம் மேலும் பெருகும்.

எனவே நகர இரயிலுக்கு மாடியைவிட அகன்ற வாசலே முதல் தேவை. எத்தனை பேர் அமரலாம் என்று எண்ணுவதோடு, தளர்ந்த ஒருவர் அச்சமின்றி ஏறி இறங்க முடியுமா என்றும் கேட்பதே நல்ல பொறியியல். தோழியரே, நாளை நம்முள் ஒருத்தி இரயில் பெட்டி வடிவமைக்க நேர்ந்தால், இக்கேள்வியை முதலில் கேட்பாளாக!