பண்டமாரான் பிள்ளைகளும் மூன்றெழுத்துக் குறியீடும்

ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவுகள் வந்த மறுநாளே பண்டமாரான் வீடுகளில் பாரம் நிரப்பும் வேலை தொடங்கிவிடும். யூபியூ எனும் பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கை, மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், போலிடெக்னிக், தொழிற்பயிற்சிக் கழகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இணையப் பக்கம், ஒரு கடைசித் தேதி. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை அந்தச் சில வாரங்களுக்குள் தன் அடுத்த நாலைந்து ஆண்டுகளை முடிவுசெய்தாக வேண்டும். அந்த நெருக்கடியில்தான் பள்ளிக் கோப்பில் எங்கோ கிடந்த ஒரு தாள் வெளியே வரும். வழிகாட்டி ஆசிரியர் எழுதச் சொன்ன தொழில் ஆர்வச் சோதனையின் முடிவு அது. ஆறு பிரிவுகளுக்கு மதிப்பெண் இருக்கும். அவற்றில் உயர்ந்த மூன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று கிடைக்கும்.

"இதுல என்ன சார் போட்டிருக்கு? எம் பொண்ணு என்ன படிக்கணுமாம்?" என்று கேட்கும் பெற்றோருடன் உட்கார்ந்து அந்தத் தாளைப் படித்துக் காட்டுவது எனக்குப் பிடித்த வேலை. அதில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. பிள்ளையின் முன்னால் இருக்கும் தொழில் பட்டியலை நீட்டுவதற்கு இந்தச் சோதனைகள் அருமையான கருவி. அந்தப் பட்டியலில் எதையாவது அடித்துவிட அவற்றை எடுக்கும்போதுதான் கெடுதல் ஆரம்பிக்கிறது.

பட்டியலை நீட்ட வேண்டிய தேவை பண்டமாரானில் நிறையவே இருக்கிறது. இது துறைமுகத்தை ஒட்டிய ஊர். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று திறக்கப்பட்டு, 1972-இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறிய அந்த இடம்தான் பல வீடுகளுக்குச் சோறு போடுகிறது. அப்பா டிரெய்லர் ஓட்டுவார், மாமா கிடங்கில் இருப்பார், சித்தி ஃபார்வர்டிங் ஆபிஸில் கணக்கு எழுதுவார். பிள்ளைக்குத் தெரிந்த வேலைகள் இவைதான். இவற்றை விட்டால் டாக்டர், லாயர், எஞ்சினியர், டீச்சர். நடுவில் இருக்கும் கிரேன் பராமரிப்புத் தொழில்நுட்பர், கப்பல் முகவர், குளிரூட்டிய கொள்கலன் பழுதுபார்ப்பவர், ஆபத்தான சரக்குகளைக் கையாளும் பாதுகாப்பு அதிகாரி ஆகிய எதையும் வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூன்றெழுத்துக் குறியீட்டின் பின்னால் இருப்பவர் ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவத்தில் சேர வருபவர்களை நேர்காணல் செய்தவர். ஆயிரம் பேர் வந்தாலும் அவர்களின் வேலை வரலாறு சில வகைகளுக்குள் அடங்குவதை அங்கே கவனித்தார். 1959-இல் அதை ஒரு கோட்பாடாக வெளியிட்டார். கையால் செய்யும் வேலையில் ஆர்வம், ஆராய்வதில் ஆர்வம், கலையில் ஆர்வம், மனிதருக்கு உதவுவதில் ஆர்வம், ஆளை இசையவைத்து வியாபாரம் செய்வதில் ஆர்வம், ஒழுங்காகப் பதிந்து அடுக்குவதில் ஆர்வம் என்பவையே அந்த ஆறும். மலேசியாவில் இதைத் தழுவி உள்ளூர்ச் சோதனையாக்கியவர்களில் ஒருவர் புத்ரா பல்கலைக்கழகத்தின் ஸிடேக் முகமட் நோவா. ஆளுமையை அளக்க அவர் பெயரிலேயே தனியாக ஒரு சோதனையும் இருக்கிறது. 2011-இல் கல்வி அமைச்சு தொடங்கிய பள்ளி சார்ந்த மதிப்பீட்டில் உளவியல் அளவீடும் ஒரு கூறு. ஆக, இந்தத் தாள் ஏதோ பத்திரிகையில் வந்த பொழுதுபோக்குப் புதிர் இல்லை. அதற்கு வேர் இருக்கிறது.

ஒரு மாணவிக்கு உதவும் பிரிவில் மதிப்பெண் உச்சத்தில் இருந்தது. பார்த்ததும் வீட்டில் முடிவாகிவிட்டது: டீச்சர். ஆனால் அதே பிரிவில் தாதியரும் உண்டு, பிசியோதெரபியும் உண்டு, சமூக நல அதிகாரியும் உண்டு. அவளுக்கு அடுத்து வந்தது ஆராயும் பிரிவு. பாட்டியை ரஹிமா மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு அழைத்துப்போய்க்கொண்டிருந்தவள் அவள். எந்தத் தசை ஏன் இழுக்கிறது என்று அங்கே இருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பாளாம். இது எந்தத் தாளிலும் இல்லை. அவளுடைய அம்மா சொன்னது. மதிப்பெண்ணையும் அந்தச் செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் பிசியோதெரபி என்ற சொல் பட்டியலில் ஏறியது. அதனால் எந்தப் பிள்ளையிடமும் நான் முதலில் கேட்பது இதுதான்: இந்த எழுத்துக்குச் சாட்சியாக நீ உண்மையில் செய்த ஒரு காரியத்தைச் சொல். சாட்சி கிடைத்தால் அந்த எழுத்தை நம்பலாம். கிடைக்காவிட்டால் அதைச் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

குறைந்த மதிப்பெண்ணைப் படிக்க இன்னும் நிதானம் வேண்டும். ஸ்பேனரைத் தொட்டே பார்க்காத பெண்பிள்ளை, இயந்திரம் பழுதுபார்க்கப் பிடிக்குமா என்ற வரிக்கு இல்லை என்றுதான் போடுவாள். அது வெறுப்பு இல்லை, பழக்கம் இல்லாமை. ஷா ஆலாம் போலிடெக்னிக்கிலோ பந்திங் பக்கம் இருக்கும் குவாலா லங்காட் தொழிற்பயிற்சிக் கழகத்திலோ திறந்தநாள் வைத்தால் ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுங்கள். பிறகு அதே வரியை மறுபடியும் கேட்டுப் பாருங்கள்.

ஆர்வம் ஒரு பக்கம், குணம் இன்னொரு பக்கம். எந்த வேலை என்பதை ஆர்வச் சோதனை தொடுகிறது. அந்த வேலையை எப்படிச் செய்வான் என்பதைக் குணச் சோதனை தொடுகிறது. 1936-இல் கோர்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஓட்பர்ட்டும் ஆங்கில அகராதியில் இருந்து மனிதரைப் பற்றிய ஏறக்குறைய 18,000 சொற்களைத் திரட்டினார்கள். பல பத்தாண்டுகள் பலரும் அவற்றைச் சலித்ததில் மிஞ்சியவை ஐந்து. புதியதில் நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம் என்று அவற்றைச் சொல்லலாம். இன்று ஆய்வாளர்கள் அதிகம் நம்புவது இந்த ஐந்தைத்தான்.

பிள்ளைகளிடம் பிரபலமானது வேறொன்று. கொரிய நடிகர்களின் தயவில் ஐ.என்.எஃப்.பி., இ.எஸ்.டி.ஜே. என்று நாலெழுத்தை இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொள்கிறார்களே, அந்த மையர்ஸ்–பிரிக்ஸ். கார்ல் யுங் 1921-இல் எழுதிய நூலை அடிப்படையாகக் கொண்டு கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது. அதன் சிக்கல் எங்கே என்று பிள்ளைகளுக்கு எளிதாகவே விளக்கலாம். 165 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் நெட்டை, கீழே இருந்தால் குட்டை என்று ஊரையே இரண்டாகப் பிரித்தால் என்ன ஆகும்? பெரும்பாலானோர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். குணமும் அப்படித்தான் பரவியிருக்கிறது. பலர் நடுவில் இருப்பதால், சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் ஓர் எழுத்தாவது பலருக்கு மாறிவிடுகிறது. இந்தச் சோதனையை வெளியிடுபவர்களே வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள். பிள்ளை அதை வைத்து நண்பர்களோடு பேசட்டும், நல்லதுதான். யூபியூ பாரத்தை அதை வைத்து நிரப்ப வேண்டாம்.

"இவனுக்கு வாயே கிடையாது சார், ஃபார்வர்டிங் ஆபிஸ்ல எப்படிப் பொழைப்பான்?" என்று ஓர் அம்மா கவலைப்பட்டார். பையனுக்குக் கலகலப்பில் மதிப்பெண் குறைவு. பொறுப்புணர்வில் நல்ல உயரம். பள்ளி விடுமுறையில் ஒரு சிறிய அலுவலகத்தில் சுங்கப் பத்திரங்களைச் சரிபார்க்கும் பகுதி நேர வேலைக்குப் போயிருந்தான். ஓர் எண் தப்பினால் கொள்கலன் துறைமுகத்திலேயே நின்றுவிடும், வாடகை ஏறும் என்பதை அவன் விவரித்த விதத்திலேயே அவனுக்கு அந்த வேலை பிடித்திருப்பது தெரிந்தது. 1991-இல் முர்ரே பேரிக்கும் மைக்கேல் மவுண்ட்டும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அதிகாரி, போலீஸ், விற்பனையாளர், கைத்தொழிலாளர் என்று அவர்கள் எடுத்துக்கொண்ட எல்லாத் தொழில் பிரிவுகளிலும் வேலைத் திறத்தோடு தொடர்பு காட்டிய குணம் பொறுப்புணர்வுதான். விற்பனைக்குக்கூட வாயாடிதான் தேவை என்பதில்லை. 2013-இல் ஆடம் கிராண்ட் 340 தொலைபேசி விற்பனையாளர்களை ஆராய்ந்ததில், நடுத்தரக் கலகலப்பு உள்ளவர்களே அதிகம் விற்றிருந்தார்கள். மிக அமைதியானவர்களும் மிகக் கலகலப்பானவர்களும் பின்தங்கியிருந்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பேரிக்கும் மவுண்ட்டும் கண்ட அந்தத் தொடர்பு உண்மையானது, ஆனால் சிறியது. வேலைத் திறத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டை நூறு பங்காக வைத்தால், அதில் நாலைந்து பங்கைத்தான் அந்தக் குணம் விளக்குகிறது. மீதியெல்லாம் பயிற்சி, திறமை, மேலாளர், சம்பளம், வீட்டில் இருந்து வேலைக்கு எவ்வளவு தூரம் என்பவற்றில் இருக்கிறது. கணக்கு வருமா, இரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றுமா என்பதை எந்தக் குணச் சோதனையும் சொல்லாது.

விடை எழுதும் முறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாதிப் பிழைகள் அங்கேதான் நுழைகின்றன.

சோதனையை எழுதும்போது அம்மா அப்பா பக்கத்தில் இருக்க வேண்டாம். 'நான் பிடிவாதக்காரன்' என்ற வரிக்கு முன்னால் அம்மா நின்றால் விடை அம்மாவுடையதாகிவிடும். ஆக விரும்பும் ஆளை நினைத்து எழுதாமல் இப்போது இருக்கும் ஆளை நினைத்து எழுதச் சொல்லுங்கள். 'அமைதியானவன்' என்றால் யாரோடு ஒப்பிட்டு? சத்தம் நிறைந்த வீட்டில் கடைக்குட்டியாக வளர்ந்தவன் தன்னை ஊமை என்றே நினைத்திருப்பான். தன் வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடச் சொன்னால் விடை நேராகும். லூயிஸ் கோல்ட்பர்க் தொகுத்து, யாரும் இலவசமாக எடுத்தாளலாம் என்று விட்டிருக்கும் கேள்வித் தொகுப்பின் வழிமுறையிலும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். புரியாத வரி வந்தால் நடுக்கட்டத்தில் குறி போட்டுத் தாண்டாமல், எழுந்துபோய் அர்த்தம் கேட்க வேண்டும். எல்லா வரிக்கும் நடுக்கட்டமே போட்டிருக்கும் தாளில் படிக்க ஒன்றும் இல்லை.

அடுத்தது என்னுடைய கண்டிப்பான ஆலோசனை: அதே கேள்விகளைப் பிள்ளையை நன்றாகத் தெரிந்த வேறொருவரும் நிரப்பட்டும். அத்தை, ஹாக்கி பயிற்றுநர், விடுமுறையில் வேலை கொடுத்த கடைக்காரர் யாரானாலும் சரி. 2010-இல் பிரையன் கானலியும் டெனிஸ் ஓன்ஸும் தொகுத்த ஆய்வில், தன்னைப் பற்றித் தானே சொல்வதைக் காட்டிலும் மற்றவர் சொல்வது வேலைத் திறத்தை நன்றாகவே முன்னறிவித்தது. இரண்டு தாள்களும் ஒத்துப்போகும் இடத்தில் அதிகம் பேச வேண்டியதில்லை. மாறுபடும் இடத்தில் உட்கார்ந்து பேசினால் பிள்ளை தன்னைப் பற்றி நிறையக் கற்றுக்கொள்கிறது. "கடைக்காரர் அங்கிள் என்னைப் பொறுமைசாலின்னு போட்டிருக்காரு!" என்று ஒரு பையன் ஆச்சரியப்பட்டான். வீட்டில் அவனுக்குக் கோபக்காரன் என்றே பெயர்.

தேர்வுக்கென்று நடக்கும் சோதனை வேறு ரகம். பொதுப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர் கல்விப் பட்டப்படிப்புக்கான மெட்சி அப்படிப்பட்டது. ஆளுமை, தொழில் ஆர்வம், நேர்மை, உணர்ச்சி நுண்ணறிவு நான்கையும் அது பார்க்கிறது. இணையத்தில் கிடைக்கும் 'சரியான விடைகளை' மனப்பாடம் செய்து போகிறவர்கள் உண்டு. இத்தகைய சோதனைகளில் ஒரே விஷயத்தை வேறு வேறு வரிகளில் கேட்பது வழக்கம். வேஷம் போட்டால் விடைகள் ஒன்றோடொன்று மோதும். அது ஒருபுறம் இருக்க, வகுப்பறையை விரும்பாதவர் பொய் சொல்லி உள்ளே போனால் முப்பது ஆண்டு வகுப்பறையில் இருக்கப்போவது அவர்தானே!

பணம் பறிக்கும் சோதனைகளைப் பற்றிக் கோபத்தோடேயே சொல்கிறேன். பேரங்காடிகளிலும் கண்காட்சிகளிலும் குழந்தையின் பத்து விரல் ரேகையை எடுத்து, 'இவன் பிறவி எஞ்சினியர்' என்று வண்ண அறிக்கை தருகிறார்கள். விரல்ரேகைக்கும் அறிவுக்கும் அப்படி ஒரு தொடர்பு இருப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2019-இல் அறிக்கையே வெளியிட்டது. "ஆனா சார், அப்படியே இவனைப் பத்திச் சொல்லுதே?" என்பார்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் தன் 39 மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை வைத்து, ஆளுக்கொரு அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டபோது ஐந்துக்குச் சராசரி 4.26 கொடுத்தார்கள். எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே அறிக்கை. வரிகளை எடுத்தது கடையில் விற்ற சோதிடப் புத்தகத்தில் இருந்து. அதனால் எந்த அறிக்கையைக் கையில் வாங்கினாலும் ஒரு காரியம் செய்யுங்கள்: பெயரை மறைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள். அவனுக்கும் பொருந்தினால் அந்தத் தாளுக்குப் பணம் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

பணம் கொடுத்துத்தான் ஆலோசனை பெற வேண்டும் என்றால் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, மலேசியாவில் ஆலோசகர் என்று தொழில் நடத்துபவர் ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதற்கும் முன்னால், பள்ளி வழிகாட்டி ஆசிரியரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளையின் தாளும் பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும்.

வயதும் கணக்கில் வர வேண்டும். 2006-இல் பிரென்ட் ராபர்ட்ஸ் குழுவினர் 92 ஆய்வுகளைத் தொகுத்தபோது, பொறுப்புணர்வும் மன அமைதியும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் கூடுவது தெரிந்தது. பதினேழு வயதில் 'பொறுப்பு குறைவு' என்று வந்த மதிப்பெண்ணைக் காட்டித் திட்டுவதற்கு முன் பெற்றோர் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் தாளைத் தூக்கிப் போட வேண்டாம். தேதி எழுதி வைத்திருந்து, ஒரு செமஸ்டர் படித்த பிறகு அதே சோதனையை மறுபடி எழுதச் சொல்லுங்கள். மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, எந்தெந்த வரியில் விடை மாறியது என்று மட்டும் பாருங்கள். வணிகப் படிப்பில் சேர்ந்த ஒரு மாணவிக்கு விற்பனை சார்ந்த வரிகள் எல்லாம் இறங்கியிருந்தன. பதிவேடு, பட்டியல், கணக்குச் சரிபார்ப்பு சார்ந்தவை ஏறியிருந்தன. விரிவுரையாளரிடம் பேசி, படிப்பை விடாமலே கணக்கியல் பிரிவுக்கு மாறிக்கொண்டாள்.