கறிவேப்பிலைச் செடியின் மூன்று பெண்கள்



மேலப்பாளையத்து வீட்டுக் கொல்லையில், ஒரே கறிவேப்பிலைச் செடியிலிருந்து நீ எடுத்து வளர்த்த புழுக்களில் ஒன்று கறுப்புப் பட்டாம்பூச்சியாகவும் இன்னொன்று சிவப்புத் திட்டுகளோடும் வெளிவந்ததாக எழுதியிருந்தாய். "பறவையை ஏமாற்ற வேஷம் போடுதா சார்?" என்றும் கேட்டிருக்கிறாய். வீடியோவுக்கு வீடியோ இதையே சொல்லிப் பிள்ளைகளைக் கெடுத்துவைத்திருக்கிறார்கள். எந்தப் பூச்சியும் யோசித்து வேஷம் கட்டுவதில்லை. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த பிறகு அதன் சிறகில் ஒரு புள்ளிகூட மாறாது.

உன்னிடம் இருப்பவை இரண்டும் காமன் மார்மன்தான். ஆண் ஒரே மாதிரி: கறுப்பு, பின்சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணில் மூன்று வகை. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். ஒன்று காமன் ரோஸ் என்னும் பட்டாம்பூச்சியைப் போல. மற்றொன்று கிரிம்சன் ரோஸ் என்னும் பட்டாம்பூச்சியைப் போல. அந்த இரண்டு ரோஸ்களின் புழுக்களும் ஆடுதீண்டாப்பாளையின் குடும்பத்துச் செடிகளைத் தின்று, அவற்றின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்பவை. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கிட்டே போகாது. மார்மனிடம் அந்த நஞ்சு கிடையாது. நஞ்சுள்ளதைப் போன்ற சாயலோடு தற்செயலாகப் பிறந்த பெண்கள் பறவைக்குத் தப்பின, முட்டையிட்டன. தலைமுறை தலைமுறையாக நடந்தது அவ்வளவுதான்.

உயிர்களுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸே இந்த மார்மனிடம் சறுக்கியவர். 1758இல் ஆணுக்குப் பாமன் என்றும், சிவப்புப் பெண்ணுக்குப் பாலிடெஸ் என்றும் பெயரிட்டு இரண்டு இனமாக்கினார். ஊசியில் குத்திய செத்த பூச்சியை ஸ்வீடனில் உட்கார்ந்து பார்த்தால் வேறெப்படித் தெரியும்? கிரிம்சன் ரோஸுக்கு அவர் வைத்த பெயர் ஹெக்டர். நீ இலியட் படித்ததில்லை என்றால் உடனே படி. பூச்சி படிப்பவன் கதை படிக்கக் கூடாதென்று யார் சொன்னது? ஹெக்டர், பாமன், பாலிடெஸ் மூவரும் டிராய் மன்னன் பிரியாமின் பிள்ளைகள். அசலும் போலியும் அண்ணன் தம்பியாக அமைந்துவிட்டன. ஒன்று மற்றொன்றின் போலி என்பது லின்னேயஸுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

முதல் உலகப் போருக்குச் சற்று முன் இலங்கையில் ஃபிரையர் என்பவர் மார்மன்களை வம்சம் வம்சமாக வளர்த்து, பெண்ணின் உருவம் மெண்டல் விதிப்படி இறங்குகிறது என்று காட்டினார். 2014இல் கிருஷ்ணமேக் குண்டேயும் உடன் ஆய்வாளர்களும், இதற்குக் காரணம் டபுள்செக்ஸ் என்னும் ஒற்றை மரபணு என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். பூச்சி ஆணா பெண்ணா என்று உடம்பு வளரும் விதத்தைத் தீர்மானிக்கும் மரபணு அது. ஆணும் அதே மரபணுவைச் சுமக்கிறது. சிறகில் மட்டும் காட்டாது.

பின் ஏன் எல்லாப் பெண்களும் சிவப்பாகிவிடவில்லை என்று அடுத்து கேட்பாய். போலிகள் பெருகினால் பறவை கொத்துவதில் பாதி ருசியாக இருக்கும். சிவப்பைக் கண்டு ஒதுங்கும் பாடமே அதற்கு மறந்துபோகும். அசல் மிகுந்த இடத்தில்தான் போலிக்கு வாழ்வு. என்னைக் கேட்டால், கறுப்புப் பெண் இன்னும் பிழைத்திருப்பதற்கு இதுவே முதற்காரணம். என் சகாக்கள் சிலர் தலையாட்ட மாட்டார்கள், ஆட்டாமல் போகட்டும்.

பட்டாம்பூச்சி இட்லிப்பூவில் தேன் குடிக்கும்போது சிறகைப் பார்த்து ஏமாறாதே, உடம்பைப் பார். கிரிம்சன் ரோஸுக்குத் தலையும் வயிற்று நுனியும் குங்குமச் சிவப்பு. மார்மன் பெண்ணுக்குச் சிறகில் எவ்வளவு சிவப்பு இருந்தாலும் உடம்பு கறுப்புதான். பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

கறிவேப்பிலைக் கொழுந்தில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பதும் மார்மனின் இளம்புழுதான். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டைக் கொம்பை நீட்டி நாற்றமடிக்கும், கடிக்காது, பயப்படாதே. செடிக்கு மருந்தடிக்க வேண்டாம் என்று உம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல். தின்ற இலை மறுபடி துளிர்த்துவிடும். இனி ஒவ்வொரு புழுவையும் தனித்தனிக் குப்பியில் வளர்த்து, எது ஆண், எது எந்த வகைப் பெண் என்று தேதியோடு குறித்து அனுப்பு.