சாயத்துக்கு அடியில் ஒரு பகை

சிறிய விமானம் என்றதும் பலருக்கு அலுமினியமே நினைவுக்கு வரும். ஆயினும், இயந்திரத்தைத் தாங்கும் சட்டம், தரையிறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்கும் சக்கரக் கால்கள் போன்ற பாகங்கள் பல விமானங்களில் எஃகினால் செய்யப்படுகின்றன. எஃகு வலிமையானது, ஆனால், அதற்குத் துரு என்னும் பகை உண்டு.

எஃகிலுள்ள இரும்பு, நீரோடும் காற்றிலுள்ள உயிர்வாயுவோடும் சேரும்போது துரு உண்டாகிறது. கடற்காற்றிலுள்ள உப்பு அதனை விரைவுபடுத்துகிறது. இதைத் தடுக்கவே எஃகின்மீது சாயம் பூசப்படுகிறது. ஆகவே, சாயம் அழகுக்காக மட்டுமன்று. அது ஒரு கவசம்.

ஓடுபாதையில் தெறிக்கும் சிறு கல்கூட இக்கவசத்தைக் கீறிவிடும். கீறல் வழியே ஈரம் புகுந்து துரு உருவாகிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் சாயம் கொப்புளம்போல் உப்புகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால், துரு அரித்த குழியிலிருந்து விரிசல் தொடங்கலாம்.

கொப்புளத்தின்மேல் புதிய சாயம் பூசுவது நோயை மறைப்பதற்கு ஒப்பாகும். முதலில் துருவை முழுமையாக நீக்க வேண்டும். பிறகு, தூசியையும் எண்ணெய்ப் பசையையும் துடைத்து, தாமதமின்றி அடிப்பூச்சு பூச வேண்டும். அது காய்ந்த பின்னரே சாயம் பூச வேண்டும். மிகக் கடினமான எஃகில் அமிலம் கலந்த துருநீக்கியைப் பயன்படுத்துவது ஆபத்து. அதிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து, அதனை எளிதில் உடையச் செய்யும். துரு ஆழமாக அரித்திருந்தால், பாகத்தை மாற்றுவதா என்பதை உரிமம் பெற்ற பொறியாளரே முடிவுசெய்வார்.

சில வேளைகளில் துரு வெளியே தெரிவதே இல்லை. பைப்பர் நிறுவனத்தின் பழைய சிறு விமானங்கள் பலவற்றில் இறக்கையைத் தாங்கும் சாய்வுத் தூண்கள் உள்ளீடற்ற எஃகினால் ஆனவை. உள்ளே புகுந்த நீர், அவற்றை உட்புறமாகவே அரித்தது. வெளிச்சாயமோ நன்றாகவே இருந்தது! எனவே, அத்தகைய தூண்களை 24 மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விதி வகுத்தது. குழாய்களின் உட்புறத்தைக் காக்க, ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, வடித்து, துளையை அடைக்கும் வழக்கமும் உண்டு.

மாணவர்களே, உங்கள் மிதிவண்டியின் சட்டத்தை இன்று உற்றுப் பாருங்கள். சாயம் எங்கேனும் உப்பியுள்ளதா? தரையில் ஓடும் வண்டியைப் பழுதானால் ஓரமாக நிறுத்திவிடலாம். வானில் பறப்போருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால்தான் விமானப் பராமரிப்பாளர்கள் துருவை முளையிலேயே கிள்ளி எறிகின்றனர்.