கிணற்றடிக் கல்வாழையில் ஒரு புது இனம்

மீளக் குடியேறிய குடும்பங்களின் வளவுகளுக்குப் போகும்போது நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருக்கும். வேலி இராது. ரோசாவும் குறோட்டனும் எப்போதோ பட்டுப்போயிருக்கும். ஆனால் கிணற்றடியில், முன்பு குளித்த தண்ணீர் ஓடிய வாய்க்கால் ஓரத்தில், கல்வாழை ஒரு பற்றையாக நிற்கும். பார்ப்பார் இல்லை, நீர் ஊற்றுவார் இல்லை. மாரிக்குத் தழைத்து, கோடைக்கு இலை காய்ந்து, மறு மாரிக்கு மறுபடியும் கிழங்கிலிருந்து முளைத்து அது தன் பாட்டில் இருந்திருக்கிறது.

இப்போது சந்தைகளிலும் பூங்கன்று விற்பவர்களிடமும் இன்னொரு கல்வாழை கிடைக்கிறது. முழங்கால் அல்லது இடுப்பு உயரந்தான் வளரும். பூ உள்ளங்கை அளவு. மஞ்சள், செம்மஞ்சள், இளஞ்சிவப்பு, புள்ளி போட்டது என்று பல நிறம். சிலவற்றின் இலை கருஞ்சிவப்பாக இருக்கும். மாரியில் வாங்கி நட்டவர்கள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். ஆடி, ஆவணிச் சோழகக் காற்றில் இலை விளிம்பு கருகும். கிணறு வற்றி, ஊற்றும் தண்ணீரைக் குறைத்தால் கிழங்கும் சுருங்கிப் போகும்.

பழையதில் உறுதி இருக்கிறது, பூ சிறியது. புதியதில் பூ பெரியது, உறுதி போதாது. இரண்டையும் ஒரே செடியில் கொண்டுவர முடியுமா என்று ஒரு தாய் எம்மிடம் கேட்டார். முடியும். அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு துண்டு நூல், ஒரு கடதாசிப் பை, அதிகாலையில் எழும்பும் பழக்கம், ஒன்றரை வருடப் பொறுமை ஆகியவை போதும்.

நாளை எங்கே இருப்போமோ?

இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால், "நாளைக்கு எங்கே இருப்போமோ தெரியாது, பூங்கன்று எதற்கு?" என்று கேட்பார்கள். இது நியாயமான கேள்வி. 1995, 1996 ஆம் ஆண்டுகளில் கிளாலி ஏரியைக் கடந்து வன்னிக்கு வந்தவர்களும், 2008 இல் கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்தவர்களும் நட்டு வைத்ததை விட்டுவிட்டே போனார்கள். தென்னையையும் மாவையும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

கல்வாழை அப்படியல்ல. அதை இரண்டு விதமாகக் கையோடு கொண்டுபோகலாம். ஒன்று கிழங்கு. ஈரச் சாக்கில் சுற்றினால் பல நாள் தாங்கும். மற்றது விதை. விதை உருண்டையாக, கறுப்பாக, கல்லைப்போல் இருக்கும். ஆங்கிலேயர் இதற்கு "இந்தியச் சன்னம்" என்று பொருள்படும் பெயரை வைத்ததும் அதனால்தான். துவக்கில் போடும் ஈயச் சன்னத்தைப்போல அவ்வளவு கடினம். ஒரு தகரப் பேணியில் போட்டு மூடி வைத்தால் வருடக்கணக்கில் கெடாது.

எவ்வளவு காலம் கெடாது என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஆர்ஜன்டீனாவின் வடமேற்கில், சாந்தா ரோசா டி தாஸ்தில் என்ற பழங்காலக் குடியிருப்பில், வால்நட் கொட்டைகளாலான கிலுகிலுப்பை போன்ற ஒரு அணிகலன் கிடைத்தது. கொட்டைக்குள் ஒலி எழுப்புவதற்காகக் கல்வாழை விதையை வைத்திருந்தார்கள். கொட்டை மரத்தில் இளசாக இருந்தபோதே விதையை உள்ளே செருகி, அது அப்படியே மூடி வளர விட்டிருக்கிறார்கள். காபன் முறையில் வயது பார்த்தபோது ஏறக்குறைய 600 ஆண்டு என்று வந்தது. அந்த விதை முளைத்தது. இந்தச் செய்தி 1971 இல் அறிவியல் ஏட்டில் வெளியானது.

எங்கிருந்து வந்தது?

கல்வாழைக்கும் எமது வாழைக்கும் குடும்ப உறவு தூரத்து உறவுதான். கல்வாழையின் சொந்த இடம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். ஐரோப்பியக் கப்பல்கள் வழியாக ஆசியாவுக்கு வந்து, எமது கிணற்றடிகளில் ஊன்றிவிட்டது. சிங்கள மக்கள் இதை புத்சரண என்பார்கள். அவர்களில் பலர் இதன் கிழங்கை அவித்து உண்பதும் உண்டு. அந்தீஸ் மலை மக்களுக்கு இது பழமையான உணவுப் பயிர். வியட்நாமில் இதன் மாவில் கண்ணாடிபோன்ற நூடில்ஸ் செய்கிறார்கள். ஆகவே பூவுக்காக நடுவது வீண் என்று எண்ண வேண்டாம். இலையும் தண்டும் மாட்டுக்கும் ஆகும்.

பூந்தோட்டத்துக்கென்று இதைக் கலந்து புது இனம் உண்டாக்கியவர்களில் முதன்மையானவர் ஒரு பிரெஞ்சுக்காரர். தியோடோர் ஆனே என்பவர் சிலி நாட்டில் தூதுவர் பணியில் இருந்து திரும்பி, பரிஸ் நகருக்கு அருகே 1840களில் இந்த வேலையைத் தொடங்கினார். அவருடைய செடிகள் இலைக்காக வளர்க்கப்பட்டவை. ஆளுயரத்துக்கு மேல் போகும், பூ சிறியது. பின்னர் லியோன் நகரத்துக் குரோசி என்பவர் செடியைக் குட்டையாக்கிப் பூவைப் பெரிதாக்கினார். 1890களில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஸ்பிரெங்கர் என்பவர், குரோசியின் இனத்தை அமெரிக்காவின் புளோரிடாச் சதுப்புகளில் வளரும் மஞ்சள் கல்வாழையோடு கலந்தார். பூ மிகப் பெரிதாக, மென்மையாக வந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் விதை பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்பதை எமக்குப் பக்கத்திலேயே ஆராய்ந்தார்கள். இந்தியாவின் லக்னோ நகரிலுள்ள தேசிய தாவரவியல் தோட்டத்தில் கோஷூ, முகர்ஜி என்ற இருவர் தோட்டக் கல்வாழைகளைப் பற்றிச் செய்த ஆய்வுகள் 1970 ஆம் ஆண்டளவில் வெளியாயின. சாதாரணக் கல்வாழையின் கலங்களில் 18 நிறமூர்த்தங்கள் இருக்கும். ஒன்பது தாயிடமிருந்து, ஒன்பது தந்தையிடமிருந்து. சில தோட்ட இனங்களில் 27 இருக்கும், அதாவது மூன்று ஒன்பது. சோடி சேர முடியாமல் ஒரு பங்கு தனித்து நிற்பதால் மகரந்தமும் சூலும் சரியாக உருவாவதில்லை. நாம் உண்ணும் வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கும் இதுவே முக்கிய காரணம். இதைத் தெரிந்து வைத்திருந்தால் வீணாக மெனக்கெட மாட்டீர்கள். வாங்கிய செடி ஒரு வருடமாகப் பூத்தும் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லையென்றால் அது பெரும்பாலும் இந்த வகை. அதை அழகுக்கு வைத்திருங்கள்; கலப்புக்கு வேறொன்றைத் தேடுங்கள்.

பூவைப் பிரித்துப் பார்ப்போம்

இந்தப் பகுதியைப் படிக்கும்போது கையில் ஒரு கல்வாழைப் பூவை வைத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவர் வீட்டில் இருந்தால், பிள்ளைகளைக் கொண்டு வாசிக்கச் சொல்லிப் பூவைப் பிரித்துப் பாருங்கள்.

பூவின் அடியில் சொரசொரப்பான ஒரு சிறு உருண்டை இருக்கும். அதுதான் சூலகம், பின்னர் காயாவது அதுவே. அதற்கு மேல் மூன்று சிறிய புல்லிகள். பிறகு ஒடுங்கிய, கூரான மூன்று அல்லிகள். அகலமாக நிறத்தோடு விரிந்து நிற்பவற்றை நாம் இதழ் என்கிறோம். அவை உண்மையில் இதழ் அல்ல. இதழ்போல மாறிவிட்ட கேசரங்கள். அவற்றில் ஒன்றின் ஓரத்தில் மட்டும் அரை மகரந்தக்கூடு ஒட்டியிருக்கும். நடுவில் நாடாத் துண்டுபோலத் தட்டையாக நிற்பது தம்பம். அதன் நுனியில் பசைபோல் இருப்பது குறி.

இந்தப் பூவில் ஒரு சூட்சுமம் உண்டு. மொட்டு விரியும் முன்பே மகரந்தக்கூடு வெடித்து, மகரந்தத்தைத் தம்பத்தின் தட்டையான பக்கத்தில் அப்பிவிடும். காலையில் பூ விரியும்போது தன் மகரந்தத்தைத் தானே சுமந்து நிற்கும். தேன்சிட்டோ தேனீயோ வந்தால் எடுத்துப் போகும். வராவிட்டாலும் பல செடிகள் தம் மகரந்தத்தாலேயே காய்க்கும். நாம் முதலில் இதை அறியாமல், விரிந்த பூவில் மற்றச் செடியின் மகரந்தத்தைத் தடவிவிட்டு "கலந்துவிட்டோம்" என்று எண்ணியிருந்தோம். முளைத்தவை எல்லாம் தாயைப்போலவே வந்தன!

ஆகவே வேலையை முதல் நாள் மாலையே தொடங்க வேண்டும். உறுதியான பழைய கல்வாழையைத் தாயாக வைப்பது நல்லது. அது நன்றாகக் காய் பிடிக்கும். நிறம் வைத்து நீண்டு, ஆனால் இறுக மூடியிருக்கும் மொட்டைத் தெரிவுசெய்யுங்கள். நகத்தால் பக்கவாட்டில் கீறி, மகரந்தக்கூடு உள்ள கேசரத்தைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். தம்பத்தில் ஏற்கெனவே மகரந்தம் ஒட்டியிருந்தால் அந்த மொட்டு வேண்டாம். இன்னும் இளைய மொட்டைப் பாருங்கள். முடிந்ததும் கடதாசிப் பையால் மூடி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். அதே தண்டிலுள்ள மற்றப் பூக்களை அகற்றிவிட்டால் குழப்பம் வராது.

மறுநாள் விடிந்ததும் தந்தைச் செடியில் அப்போதுதான் விரிந்த பூவைப் பறியுங்கள். அதன் தம்பத்தை அப்படியே பிடுங்கி, அதில் ஒட்டியுள்ள மகரந்தத்தைத் தாய்ப் பூவின் குறியில் தேய்த்துவிடுங்கள். தூரிகை தேவையில்லை. திரும்பவும் பையைக் கட்டுங்கள். நிற நூல் ஒன்றையும் காம்பில் கட்டி, கொப்பியில் திகதி, தாய், தந்தை மூன்றையும் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் இரண்டு மாதத்தில் எது எதுவென்று தெரியாது. இது எமக்கு நேர்ந்தது.

சில நாளில் சூலகம் உதிர்ந்தால் பிடிக்கவில்லை. மனம் தளர வேண்டாம். பத்துப் பூவில் மூன்று பிடித்தாலே போதும். தாயையும் தந்தையையும் மாற்றியும் செய்து பாருங்கள்.

விதை முளைக்க வைத்தல்

காய் முற்றி, பழுப்பாகி வெடிக்கும் தறுவாயில் விதையை எடுங்கள். இப்படியே நட்டால் மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும். தண்ணீர் உள்ளே போக வழி இல்லை. அரத்திலோ சீமெந்துத் தரையிலோ ஒரு பக்கத்தைத் தேய்த்து, கறுப்புத் தோலுக்குக் கீழே வெள்ளை தெரியும்போது நிறுத்துங்கள். முளை இருக்கும் சிறு புள்ளியை விட்டு வேறு பக்கத்தில் தேய்க்க வேண்டும். பிறகு இளஞ்சூடான நீரில் ஓர் இரவும் பகலும் ஊறவிட்டால் விதை பருத்துவிடும். மணலும் எருவும் கலந்த பொலித்தீன் பையில் விரலின் ஒரு கணு ஆழத்தில் நடுங்கள். எமது வெப்பத்தில் ஒன்று முதல் மூன்று கிழமைக்குள் முளைக்கும். நான்கைந்து மாதத்தில் முதற் பூவைக் காணலாம்.

காலபோக மழைக்கு முன்னர், புரட்டாதியளவில் முளைக்க வைப்பது சிறந்தது. மாரி முழுவதும் செடி கிழங்கு வைத்துக்கொள்ளும். நடும் இடம் கிணற்றடிக் கழிவு நீர் ஓடும் பக்கமாக இருக்கட்டும். கல்வாழை வேர் அந்த நீரை உறிஞ்சிச் சேற்றைக் குறைக்கும். இந்தக் குணத்துக்காகவே பல நாடுகளில் கழிவு நீர் வடிகட்டும் பாத்திகளில் இதை நடுகிறார்கள். கட்டாக்காலி மாட்டுக்கும் ஆட்டுக்கும் அடைப்புத் தேவை. இலையைச் சுருட்டி உள்ளிருக்கும் புழுவைக் கையால் நசுக்கினால் போதும், மருந்து வேண்டாம்.

தெரிவு

ஒரு கலப்பிலிருந்து இருபது, முப்பது கன்றாவது வளர்த்தால்தான் தெரிவு செய்ய வழி இருக்கும். வாங்கிய செடியே பல தலைமுறைக் கலப்பு என்பதால், ஒரே காயிலிருந்து வந்த பிள்ளைகளும் ஒன்றுக்கொன்று வேறாக வரும். உயரம், இலை நிறம், பூவின் அளவு எல்லாம் மாறும். கருஞ்சிவப்பு இலையையும் பச்சை இலையையும் கலந்தால் பெரும்பாலும் இடைப்பட்ட நிறம் வரும்.

இங்கேதான் பலர் தவறு விடுகிறார்கள். முதற் பூவைக் கண்டவுடன் மிக அழகானதை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பிடுங்கிவிடுவார்கள். பொறுங்கள். வைகாசி முதல் புரட்டாதி வரை அந்தக் கோடையைச் செடிகள் சந்திக்கட்டும். குளிக்கும் தண்ணீரைத் தவிர வேறு நீர் ஊற்றாதீர்கள். அடுத்த மாரியில் எவை பலமாகக் குருத்து விடுகின்றன என்று எண்ணி எழுதுங்கள். அவற்றுக்குள் அழகானதைப் பாருங்கள். முதல் ஆளாகப் பூத்த பெரிய மஞ்சள் பூச்செடி இரண்டாம் மாரியில் இல்லாமலே போகலாம். எமக்கு அதுதான் நடந்தது. மிஞ்சியது ஒரு நடுத்தர உயரச் செடி. செம்மஞ்சள் பூ, உள்ளங்கை அளவு இல்லை, பழையதைவிட இரு மடங்கு.

தெரிந்தெடுத்த செடியை இனி விதையால் பெருக்கக்கூடாது; விதையில் குணம் சிதறும். கிழங்கை, குருத்தோடு துண்டாக வெட்டி நடுங்கள். அப்படி நட்டால் அது எத்தனை வளவுக்குப் போனாலும் ஒரே செடிதான். அதே காரணத்தால் நோயும் கிழங்கோடு போகும். இலையில் மஞ்சள் கோடுகளோ திட்டுகளோ நரம்போடு ஓடுவதைக் கண்டால் அது வைரசு நோயாக இருக்கலாம். அண்மைக் காலத்தில் ஐரோப்பாவின் கல்வாழைத் தோட்டங்கள் பலவற்றை இந்நோய்கள் கெடுத்தன. மருந்து இல்லை. அந்தச் செடியை முழுவதாகத் தோண்டி எரித்துவிடுங்கள்; வெட்டிய கத்தியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

தாய்ச் செடி தேடி, ஆளில்லாத பழைய வளவுகளுக்குள் மண்வெட்டியோடு போகாதீர்கள். மிதிவெடி அகற்றி முடிந்த இடம் என்று உறுதியாகத் தெரிந்த காணியில் மட்டும் கிழங்கு தோண்டுங்கள். சந்தேகமானால் வீதியோரத்தில் நின்று எட்டும் காயை மட்டும் பறியுங்கள், விதை போதும். வீதியைவிட்டு ஓர் அடிகூட இறங்க வேண்டாம்.

தெரிவில் கழிந்த செடிகள் எப்படியும் இருபதுக்கு மேல் இருக்கும். அவை விதை போட்டு நல்லதோடு கலந்துவிடாமல், பூ வாடியதும் தண்டை வெட்டிவிடுங்கள். நேரம் கிடைக்கும்போது கிழங்கைக் கிண்டிக் கழுவி, நறுக்கி மாட்டுக்குப் போடலாம். பால் மாடு விரும்பித் தின்னும்.