பொருநை: ஒரு பெயரும் இரு மலையடிவார ஆறுகளும்

பொருநை எனும் பெயர் தாமிரபரணியைக் குறிக்கும் என்பது பொதுவழக்கு. திருவாய்மொழி அவ்வாற்றைப் பொருநல் எனச் சுட்டுகிறது. ஆயினும் சங்கப்பாடல்களில் இப்பெயர் வருமிடங்கள் அனைத்தையும் தாமிரபரணிக்கே உரியனவாகக் கொள்வது பொருந்துமா என்பதை நிலவியல் நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

தாமிரபரணி பொதிகைமலையின் சோலைக்காடுகளில் தோன்றுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் அதன் நீர்ப்பிடிப்பை நனைக்கின்றன. காட்டுமண் தேக்கிவைக்கும் நீர் மழையற்ற மாதங்களிலும் கசிந்து வருவதால் அது வற்றாத ஆறாயிற்று. காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, சிற்றாறு முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டு, பாண்டிய நாட்டுக்குள்ளேயே ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

ஆன்பொருநை எனப்பட்ட அமராவதியின் இயல்பு வேறு. ஆனைமலைத் தொடரின் கிழக்குச் சரிவில் பாம்பாறு, சின்னாறு முதலியவற்றின் நீரைப் பெற்று அது இறங்குகிறது. மேற்கே உயர்ந்த மலைகள் தென்மேற்குப் பருவக்காற்றை மறிப்பதால் அடிவாரம் மழைமறைவு நிலமாகி, முட்புதர்க்காடாக விளங்குகிறது. சமவெளியில் நீர்வரத்துக் குறையும்போது அகன்ற மணற்பரப்பு வெளிப்படுகிறது. இவ்வாறு கடலை அடையாது, கரூருக்குக் கிழக்கே காவிரியில் கலக்கிறது.

புறநானூற்றின் 11, 387ஆம் பாடல்கள் பொருநையை வஞ்சியுடன் இணைக்கின்றன. 36ஆம் பாடல் ஆன்பொருநையின் வெண்மணலையும் முற்றுகையையும் ஒருங்கே காட்ட, அதன் கொளு அம்முற்றுகையைக் கருவூர் முற்றுகை எனக் குறிக்கிறது. மணல் மட்டும் சான்றாகாது. தாமிரபரணிக்கும் மணற்கரைகள் உண்டு. நகரப்பெயரே முதன்மைச் சான்று. நிலவியல் அதற்குத் துணைச்சான்று. வஞ்சியை மேலைக்கடற்கரையில் வைப்போர் உளராயினும், ஆன்பொருநையைக் கூறும் பாடலின் கொளு கருவூரைக் குறிப்பதும், கரூரை அடுத்த புகழூரில் சேரர் கல்வெட்டுகள் கிடைத்திருப்பதும் அமராவதிக் கரைக்கே வலுச்சேர்க்கின்றன.

பொருநை நாகரிகம் என்னும் தொடர் பரவலாகியுள்ள இக்காலத்தில் இவ்வேறுபாடு இன்றியமையாதது. ஆதிச்சநல்லூரின் தொன்மையை அங்குக் கிடைத்த தொல்பொருள்களே நிறுவுகின்றன. அதற்குச் சேரர் பாடல்களைத் துணைக்கழைக்க வேண்டியதில்லை. அவ்வாறு அழைப்பின் சேரர் தலைநகர்ச் சான்று பாண்டிய நாட்டுக்கு இடம்பெயர்ந்து, இரு ஆறுகளின் வரலாறும் மயங்கும். ஆற்றுப்பெயரை நகர், மலை, மழை ஆகியவற்றோடு சேர்த்துப் பொருள்கொள்வதே தக்க நெறியாம்.