ஜன்னல் வழியே ஒரு படம்



நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் ஹெந்தளைப் பக்கம் அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறார்கள். ஜன்னலில் தெரிகிற ஹமில்டன் கால்வாயைப் போனில் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் உள்ளவர்களும் லயத்து ஜன்னலில் இருந்து மலையைப் பிடித்து அனுப்பலாம். இது வெறும் பொழுதுபோக்கு அல்ல.

கெமராவில் எடுத்து இன்றுவரை மிஞ்சியிருக்கும் மிகப் பழைய படமே ஒரு ஜன்னல் காட்சிதான். 1826 அல்லது 1827இல் பிரான்சு தேசத்து நியெப்ஸ் என்பவர் தன் வீட்டு மாடி ஜன்னலில் இருந்து எடுத்தார். தார் போன்ற பொருள் பூசிய உலோகத் தகட்டில் அந்தப் படம் பதியப் பல மணி நேரம் பிடித்தது. இப்போது நமக்கு ஒரு நொடி போதும்.

ஆனாலும் ஜன்னல் படம் பலருக்குச் சரியாக வருவதில்லை. காம்பரா இருட்டு, வெளியே வெளிச்சம். இரண்டையும் போன் ஒன்றாகப் பிடிக்காது. ஆகவே:

1. திரையில் வெளிக்காட்சி உள்ள இடத்தை விரலால் தொடுங்கள். வெளிச்சம் அளவாகிவிடும்.
2. பிளாஷையும் அறை விளக்கையும் அணையுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியில் நம்ம முகம்தான் தெரியும்.
3. கண்ணாடியைத் துடைத்து, போனை அதை ஒட்டிப் பிடியுங்கள்.
4. அறையும் தெரிய வேண்டுமா? பொழுது சாயும் நேரம் எடுங்கள்.

முக்கியமான விஷயம் ஒன்று. வாரம் ஒரு தடவை, அதே இடத்தில் நின்று, அதே நேரத்தில் எடுங்கள். ஒரு மரமோ கம்பமோ படத்தில் இருக்கட்டும். தினமும் பார்க்கிற கண்ணுக்குச் சிறிய மாற்றம் தெரியாது. பழைய படத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கால்வாயில் தண்ணீர் ஏறியிருக்கிறதா? மலையில் கம்பம் சாய்ந்திருக்கிறதா, மண் வெடித்திருக்கிறதா?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறக்க முடியுமா?

மாற்றம் தெரிந்தால் படத்தைக் கிராம சேவகரிடமும் தோட்ட அலுவலகத்திலும் காட்டுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்துக்கும் அறிவிக்கலாம். படத்தில் மாற்றம் இல்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று இருந்துவிட வேண்டாம். அடைமழை நேரம் ஊற்று திடீரென்று கலங்கி வந்தாலோ, கதவு ஜன்னல் இறுகி மூட முடியாமல் போனாலோ, படம் எடுக்க நிற்காதீர்கள். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு முதலில் வெளியேறுங்கள்.