அடித்தவர் தப்ப முடியுமா?

குதிரையேற்றப் போட்டிகளில் குதிரையை அடித்துத் துன்புறுத்தினால் வீரருக்குத் தண்டனை உண்டா? இல்லை, பதக்கம் வாங்கித் தருகிறார் என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்களா?
– வாசகி, ஈரோடு

உண்டு. பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின் மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கும் நேரத்தில், பயிற்சியின்போது குதிரையின் கால்களில் நீளச் சாட்டையால் அவர் திரும்பத் திரும்ப அடித்த பழைய வீடியோ வெளிவந்தது. ஒலிம்பிக்கிலிருந்து விலகினார். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. ஓராண்டு போதுமா என்றால், எனக்குப் போதாது. குதிரையிடம் யாரும் கேட்கவில்லை!

டோக்கியோ ஒலிம்பிக்கின் நவீன ஐந்திறப் போட்டியில் முரண்டுபிடித்த குதிரையைக் கையால் குத்திய ஜெர்மன் பயிற்சியாளரை உடனே வெளியேற்றினார்கள். அதோடு நிற்கவில்லை. அந்தப் போட்டியில் 2028 ஒலிம்பிக் முதல் குதிரையேற்றமே கிடையாது. ஆனால், பெரிய சிக்கல் போட்டித் திடலில் இல்லை. அங்கே நடுவர்கள் பார்க்கிறார்கள். பயிற்சிக் கொட்டடியில் பெரும்பாலும் யாரோ ஒருவரின் செல்போன்தான் நடுவர்.